அறுபது கிலோ விதைப்பாசி

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரை ஒட்டிய முனைக்காட்டுக் கரையில் கடல்பாசி வளர்ப்பவர்களின் கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்ட மூங்கில் மிதவையில் 20 கயிறுகள் இழுத்துக் கட்டப்படும். ஒரு கயிற்றுக்கு 20 முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சிலும் ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ள ஒரு பாசிக் கிளை. ஆக மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசி ஆகும். காற்றும் நீரோட்டமும் ஒத்துழைத்தால் 45 நாளில் அது 200 கிலோவைத் தாண்டிவிடும். அதிலிருந்து 60 கிலோவை அடுத்த நடவுக்கென்று பிரித்து வைத்துவிட்டு மீதியைக் கரையில் காயப்போட்டால், பத்துக்கு ஒன்று என்ற அளவில் சுருங்கிக் காய்ந்த பாசியாகக் கைக்கு வரும். ஒருவரிடம் 45 மிதவைகள் இருந்தால் நாளுக்கு ஒன்றாக அறுத்து, அன்றைக்கே மறுபடியும் கட்டி, கூலி வேலைபோல அன்றாட வருமானமாக அதை நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் தொழில் இங்கே வகுக்கப்பட்ட முறை.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய எண் அந்த 60 கிலோதான் என்று நான் நினைக்கிறேன். வங்கி வேலையின் பிற்பகுதியை ராமநாதபுரம் மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் கோப்புகளோடு கழித்தவன் என்பதால், விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு என்றே முதலில் கேட்கப் பழகியிருந்தேன். கடல் சூடேறும் காலத்தில் கேட்கவேண்டிய கேள்வி, பாசி செத்துப்போனால் மறுநாள் கயிற்றில் கட்ட எதை எடுப்பீர்கள் என்பதே. மீன்வளத்தைப் பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைத்தல் என்ற தலைப்பில் கருத்தரங்குகள் நடக்கின்றன, திட்ட அறிக்கைகள் வருகின்றன. அவற்றில் பேசப்படும் பலவும் நல்ல யோசனைகளே. ஆனால் இந்தக் கரையில் பார்த்தவரை, ஒரு கெட்ட பருவத்திலிருந்து ஒரு குடும்பம் எழுந்து வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது, அடுத்த பருவத்துக்கான விதை எங்கேனும் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான். பாசிக்கு மட்டுமின்றி மீனுக்கும் இது பொருந்தும் என்பதால்தான் இந்தப் பதிவு.

கப்பாபைகஸ் என்னும் இந்தச் சிவப்புப் பாசி நம் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்தது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதைக் கொண்டுவந்து, பின்னர் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி நிறுவனம் இதை வணிக அளவில் எடுத்துச் செய்ததால், இன்றும் ஊரில் இதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர். ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பலவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் கேராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. 2001இல் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி உற்பத்தி, 2013இல் 1,490 டன்னை எட்டியது. அதன்பின் கடல் வெப்பத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெருஞ்சாவு வந்து, உற்பத்தி சரிந்தது.

அந்தச் சாவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவேண்டும். ஆரோக்கியமான பாசிக் கிளை விரலால் மடக்கினால் வெள்ளரிப் பிஞ்சைப்போலச் சட்டென்று முறியும். தண்ணீர் சூடேறி, காற்றும் அடங்கி, நீரோட்டம் நின்றுபோன நாள்களில் முதலில் நுனி வெளுக்கும்; பிறகு முடிச்சு இறுகியிருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தோன்றும். அந்த இடம் கொழகொழவென்று இளகி, கிளை தானாகவே கழன்று அடியில் விழுந்துவிடும். மிதவையைத் தூக்கிப் பார்த்தால் கயிறும் முடிச்சும் இருக்கும், பாசி இருக்காது. இதற்கு 'ஐஸ்-ஐஸ்' என்று ஒரு பெயர் உண்டு. பருவநிலை மாற்றத்தை வரைபடங்களில் பார்த்தவர்களுக்கு வெறும் கயிறு ஒன்றும் சொல்லாமல் போகலாம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்பது புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஏற்கெனவே கோடையில் தாங்கும் எல்லையின் விளிம்பில் வாழும் உயிருக்கு அந்த ஒரு டிகிரி என்பது சில வாரச் சாவாக மாறிவிடுகிறது. இதே கடலில் பவளப்பாறைகளுக்கு 2010இலும் 2016இலும் நேர்ந்தது அதுதான். 2016 கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வெளுத்து மடிந்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது.

பாசி செத்த பிறகு கடன் கோப்புக்கு என்ன ஆகும்? எங்கள் கடன் மாதத் தவணையில் ஓடியது; கடலின் கணக்கோ 45 நாளில் ஓடியது. நல்ல பருவத்தில் இந்த முரண் கண்ணில் படாது. கெட்ட பருவத்தில் குழுத் தலைவி ஒருவர் கிளையில் வந்து உட்கார்ந்து, "சார், மூங்கில் இருக்கு, கயிறு இருக்கு, கை இருக்கு. கட்ட விதை இல்ல. தவணைய எங்கேருந்து கொண்டாரது?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா, மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்" என்றேன். எழுதியதற்குப் பதில் வந்தபோது பருவம் முடிந்திருந்தது. தவணையைத் தள்ளி அமைத்துக்கொடுக்கும் மறுசீரமைப்பு என்று வங்கியில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் அது புயல், வெள்ளம் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் பேரிடர்களை நினைத்து எழுதப்பட்டது. காற்றே வீசாமல் கடல் சும்மா சூடாகிக் கிடந்ததை யார் பேரிடராக அறிவிப்பார்கள்? கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யத்தருகே கரையேறியபோது உடைந்த படகை எல்லோராலும் பார்க்க முடிந்தது. அதிகாரிகளால் படம் எடுக்கவும் முடிந்தது. வெந்துபோன பாசிக்குப் படம் கிடையாது.

ஆயினும் வெப்பத்துக்குப் புயலைவிட ஒரு நல்ல குணம் உண்டு. அது மெதுவாக வருகிறது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பு வெப்பத்தைக் கணித்துப் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. பவளத்துக்கு ஆகாத வெப்பம் பாசிக்கும் ஆகாது. அந்த எச்சரிக்கையைப் பார்த்து, இன்னும் பத்துப் பதினைந்து நாள் வளர்ச்சி பாக்கி இருந்தாலும் மிதவைகளை முன்கூட்டியே அறுத்துவிட்டால், எடை குறையுமே தவிர முதல் போகாது. விதைக்கான கிளைகளைச் சற்று ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றிவிடலாம். இதில் தடையாக நிற்பது தொழில்நுட்பம் அன்று. முப்பது நாள் பாசியில் கேராஜீனன் தரம் குறைவு என்பதால் வாங்குபவர் விலையைக் குறைப்பார்; விலை குறையும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் முன்கூட்டி அறுக்கமாட்டார்; அறுக்காமல் காத்திருந்தால் விதையோடு சேர்த்து எல்லாம் போகும். எச்சரிக்கை நாள்களில் அறுத்த பாசிக்கு விலை வித்தியாசத்தை அரசோ வாங்கும் நிறுவனமோ ஈடுகட்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், செத்தபின் கொடுக்கும் நிவாரணத்தைவிட அது மலிவாகவே முடியும் என்பது என் கணிப்பு. முன்னறிவிப்பைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டால் தகவமைத்தல் முடிந்துவிட்டது என்று எண்ணுகிற அதிகாரிகளோடு எனக்கு உள்ள மனவருத்தம் இதுதான்: அறிவிப்பைப் பார்த்தபின் பாசி வளர்ப்பவர் எடுக்கக்கூடிய முடிவுக்கு யார் விலை கொடுப்பது என்பதை அவர்கள் பேசுவதில்லை.

விதையைக் காப்பதில் இன்னொரு சிக்கல் இந்தக் கரையின் அமைப்பால் வருவது. பாம்பன் தீவுக்கு வடகடல், தென்கடல் என்று இரு பக்கம். ஐப்பசி முதல் வாடைக் காற்று வீசும்போது பாக் நீரிணைப் பக்கமான வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமான தென்கடல் அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குக் காற்றின் மாதங்களில் அது தலைகீழாகும். மீனவர்கள் தலைமுறைகளாகப் படகுகளை இப்படித்தான் மாற்றிக் கட்டி வந்திருக்கிறார்கள். பாசிக்கு அந்த வசதி இல்லை. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நியப் பாசியை அங்கே கட்ட அனுமதி இல்லை, வளர்ப்பு பாக் நீரிணைப் பக்கத்தோடு நிற்கவேண்டும். இந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். குருசடைத் தீவருகே பவளங்களின்மேல் கப்பாபைகஸ் படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் 2008இல் எழுதியிருக்கிறார்கள். அது எவ்வளவு பரவியது, எவ்வளவு ஆபத்து என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு என்றாலும், ஏற்கெனவே வெப்பத்தால் நொந்துபோன பவளத்தின்மேல் அந்தப் பரீட்சையை நடத்திப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதன் விளைவையும் ஒப்புக்கொள்ளவேண்டும்: வாடைக் காலத்தில் விதையைக் கடலில் காப்பாற்றி வைக்க இடம் இல்லாததால், விதை கரையில் இருந்தாகவேண்டும். தொட்டிகளிலும் ஆய்வகத்திலும் திசு வளர்ப்பு முறையிலும் விதைப்பாசியைப் பேணும் வேலை அதனால்தான் இன்றியமையாதது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தைப் பாசிக்கான சிறப்பு மையமாக 2024இல் அறிவித்து, அங்கே மூல விதை வங்கி அமைக்க முடிவு செய்தது இந்தத் திசையில் சரியான அடி. 2021 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பாசிப் பூங்கா, 127 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் தொண்டிக்கு அருகே வளமாவூருக்கு வருகிறது. அங்கே பதப்படுத்தும் இயந்திரங்கள் எத்தனை என்பதைவிட, ஒரு சாவுக்குப் பின் பத்து நாளுக்குள் எத்தனை டன் விதையைக் கரைக்குக் கொடுக்க முடியும் என்பதையே நான் கேட்பேன்.

வெப்பத்தைத் தாங்கும் புதிய ரகம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோரும் உண்டு. ரகம் வரட்டும். ஒற்றைத் தாயிலிருந்து கிளை ஒடித்து ஒடித்துப் பெருக்கப்பட்ட பயிர் என்பதால் கரை முழுக்க இருப்பது ஏறக்குறைய ஒரே செடி. ஒன்றைக் கொல்லும் வெப்பம் எல்லாவற்றையும் கொல்லும். புது ரகமும் இப்படியே பரவினால் இன்னும் அரை டிகிரி தள்ளி அதே இடத்தில் நிற்போம். நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியை மிதவைகளில் ஒரு பகுதிக்காவது கட்டலாம் என்று பலரும் சொல்லி வருகிறார்கள். விலை குறைவு என்பதே அதற்கு எதிரான வாதம், அதில் உண்மையும் உண்டு.

கஞ்சிப்பாசியைப் பற்றிப் பேசும்போது அதைக் கடலில் முங்கி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் தகரத்தையோ ரப்பர் செருப்பையோ கட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூச்சடக்கி இறங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் கஞ்சிப்பாசியும் பறித்து வருவார்கள். வளர்ப்பு வருவதற்கு வெகுமுன்பே இருந்த தொழில் இது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இந்தப் பெண்களும் சுற்றுக் கிராமத்தவர்களும் கூடிப் பேசித் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக 12 நாள்தான் கடலில் இறங்குவது, கோடையில் பாசி இனம்பெருகும் 45 நாள் இறங்குவதே இல்லை, வேரோடு சுரண்டாமல் கையால் கிள்ளி எடுப்பது. அவர்களின் தலைவியாக இருந்த லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. விருது கிடைத்ததால் இதை நான் சொல்லவில்லை. பருவநிலை மாற்றம் என்ற சொல் கிராமத்துக்கு வருமுன்பே, பாறையில் விதையை மிச்சம் வைக்கவேண்டும் என்ற முடிவை வருமானத்தைக் குறைத்துக்கொண்டு எடுத்தவர்கள் இவர்கள். அதே பெண்களைத்தான் வனத்துறை பூங்கா எல்லைக்குள் நுழைந்ததாகச் சொல்லித் திரும்ப அனுப்பியது, பையைப் பறித்தது என்ற புகார்களும் உண்டு. தாங்களே விதித்துக்கொண்ட தடையை அரசு ஓர் ஆவணமாக ஏற்று, அந்த நாள்களுக்கு ஏதேனும் உதவித்தொகை தந்திருந்தால், அது இந்தக் கடலுக்கான மிகச் சிக்கனமான தகவமைப்புத் திட்டமாக இருந்திருக்கும்.

தடைக்காலம் என்றதும் மீனுக்கு வரவேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. 2001 முதல் 45 நாளாக இருந்த தடை 2017இல் நீட்டிக்கப்பட்டது. தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீன் முட்டையிட்டுப் பெருக இடைவெளி கொடுப்பதே தடையின் நோக்கம். ஆனால் மீனின் நாள்காட்டி நகர்கிறது. சென்னைக் கடலில் கிடைக்கும் சங்கரா மீனை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இ. விவேகானந்தனும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆராய்ந்தபோது, 1980களின் தொடக்கத்தில் முட்டையிடும் மீன்களில் மூன்றில் ஒரு பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் தென்பட்டன. 2000களின் தொடக்கத்துக்குள் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்து, மீன் தன் முட்டையிடும் காலத்தைக் குளிர்ந்த மாதங்களுக்கு நகர்த்திக்கொண்டது தெரிந்தது. மீன் நகர்ந்துவிட்டது, தடையின் தேதிகள் அப்படியே நிற்கின்றன. ஒரே இனத்தை வைத்துத் தேதியை மாற்றிவிட முடியாது என்பதும், மற்ற இனங்கள் பலவும் கோடையில் முட்டையிடுகின்றன என்பதும் சரிதான். ஆனால் இந்த ஆராய்ச்சியைச் சில ஆண்டுகளுக்கொருமுறை முக்கிய இனங்கள் அனைத்துக்கும் செய்து, தேதிகளை மீளப் பார்ப்பது என்ற ஏற்பாடாவது வேண்டாமா?

மத்தி அல்லது பேச்சாளையின் கதை இதைவிட வேகமானது. 1985 வரை நாட்டின் மத்தி முழுக்க மலபார்க் கரையில்தான் என்று சொல்லும்படி இருந்தது. பிறகு அது வடக்கே கொங்கணம் வரைக்கும், தென்முனையைச் சுற்றித் தமிழகக் கரைக்கும் பரவியது. நம் வலைகளுக்கு இது லாபம்போலத் தெரிந்தது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னாக இருந்த மத்தி 2021இல் 3,297 டன்னுக்கு விழுந்தபோதுதான், இந்த மீனின் ஏற்ற இறக்கம் எவ்வளவு கொடியது என்று புரிந்தது. எல் நினோ, மழை, மேலெழும் நீரோட்டம், அளவுமீறிய பிடிப்பு என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. கடலின் வெப்பத்தை மீனவரால் குறைக்க முடியாது. குஞ்சு மீனை விடுவிக்க முடியும். கேரளம் 2015இல் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை விதித்தது அந்த அறிவின்படிதான். தமிழகத்தில் கோழித் தீவனத்துக்கும் மீன் எண்ணெய்க்கும் கிலோ கணக்கில் போகும் பொடிமீன், உண்மையில் அடுத்த ஆண்டுக்கான விதைப்பாசிதான். வெப்பம் ஒருபக்கம் அரிக்கும்போது மறுபக்கம் நாமும் அதை அரித்துக்கொண்டிருந்தால் எந்தத் தகவமைப்பும் நிற்காது.

கடலில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் மையம் 2010இல் கடல் விராலை இந்தியாவில் முதன்முறையாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது. கூண்டைச் சுற்றிப் பாசி மிதவைகளைக் கட்டினால், மீனின் கழிவு பாசிக்கு உரமாகி விளைச்சல் ஒன்றரை மடங்குக்குமேல் கூடுவதை முனைக்காட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். யோசனை நல்லது. ஆனால் கூண்டும் தீவனமும் பெரிய முதலீடு கேட்பவை. 2019 செப்டம்பரில் பூங்கோரை என்னும் கடல் நுண்ணுயிர் படர்ந்து பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாகி, நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கியதைப்போல ஒரு வாரம் வந்தால், நீந்தித் தப்ப வழியில்லாத கூண்டு மீனே முதலில் சாகும். காப்பீடு இல்லாமல் இதை ஏழைக் குடும்பங்களுக்குத் தகவமைப்பு என்று கொடுப்பது, அவர்களின் கடனை வளர்ப்பதாக முடியும். இறால் பண்ணைகளிலும் இதே கதைதான்: வெப்பமும் உப்பும் ஏறும் குளத்தில் வன்னமெய் என்ற இறால் வகை ஒன்றையே நம்பாமல், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும் கொடுவா மீனையும் பால் கெண்டை மீனையும் மாற்றி வளர்க்கலாம், இவ்விரண்டின் குஞ்சுகளையும் சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உற்பத்தி செய்ய வழி கண்டிருக்கிறது. தேவைப்படும் மாதத்தில் தேவைப்படும் எண்ணிக்கையில் குஞ்சு கிடைக்கிறதா என்று பண்ணைக்காரர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பழைய தொழிலின் பழக்கத்தில், வங்கிகளுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு மாற்றங்கள் உண்டு. பாசிக் கடனின் தவணை மாதத்தில் ஓடாமல் 45 நாள் அறுவடைச் சுற்றில் ஓடவேண்டும். ஐப்பசி முதல் தை வரை வட்டி மட்டும் போதும். இரண்டாவது, ஒவ்வொரு குழுக்கடனிலும் ஒரு முறை விதை வாங்கும் தொகையை ஒதுக்கி வைத்து, இன்காய்ஸ் எச்சரிக்கை வந்த பருவத்தில் சாவு நேர்ந்தால், கள ஆய்வுக்கும் மேலிட அனுமதிக்கும் காத்திராமல் கிளை மேலாளரே ஒரு வாரத்தில் அதை விடுவிக்க அதிகாரம் தரவேண்டும். 2018-19இல் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டையில் இதைச் சேர்ப்பது ஒரு சுற்றறிக்கையால் ஆகக்கூடிய காரியம்.